ஒரு ரிங்தான் இருந்தது, கண்ணு

கண்ணு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் பிறகு பொறுமையாகப் படித்துக்கொள். வேன் நன்றாக இருக்கிறது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நேற்று சாயங்காலம் ஆனைமலையிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அதைவிடப் பெரிய சேதி, ஆயில் ஒழுகியதற்கு நீ காரணம் இல்லை. நீ மாட்டிய ஆயில் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரே ஒரு ரப்பர் ரிங்தான் இருந்தது. பழைய ரிங்கை நீ எடுத்துவிட்டிருந்தாய். மெக்கானிக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்று என் கண்ணால் பார்த்தேன்.

இதை நேற்றே போனில் சொல்லிப் பார்த்தேன். நீ முழுசாகக் கேட்கவில்லை. "என்னைச் சமாதானப்படுத்தறதுக்குன்னு சொல்றீங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டால் மாப்பிள்ளை எடுத்து, "அவ அழுதுட்டு இருக்கறா அத்தை, அப்புறம் பேசச் சொல்றேன்" என்றார். சரி, பேசினால்தானே நடுவில் வெட்டுவாய், எழுதினால் கடைசி வரை படித்துத்தானே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். இட்லி மாவு டெலிவரிக்கு நாளைக்குத்தான் போகிறேன். உங்கப்பா கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள்.

வருகிற திங்கட்கிழமை நீ உங்கள் வால்பாறை எஸ்டேட் மேனேஜருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வண்டி ஷெட்டை முழுசாக உன் பொறுப்பில் கொடுக்கிறேன் என்று அவரே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். ஜீப், டிராக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் உன் கையில். ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்த பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு ஸ்பானரை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஷெட்டுகளைத்தான் நீ கோயமுத்தூரில் பார்த்திருக்கிறாய். இப்படி ஒருவர் கேட்டதே பெரிது. அதை நீ வேண்டாம் என்று சொல்லப்போகிறாய். எதனால்? செய்யாத ஒரு தப்பினால். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க ஆசைப்பட்டால் இரு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் இந்தக் காரணத்துக்காக வேண்டாம்.

உன் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் படிக்கும்போது நீயாகவே முதல் தடவை வேனுக்கு ஃபில்டர் மாற்றினாயே, அது ஓடுகிறது. பழைய ஃபில்டரைக் கழற்றியபோது அதன் ரப்பர் ரிங் மட்டும் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நீ கவனிக்காமல் அதன்மேல் புது ஃபில்டரை மாட்டிவிட்டாய். சாவியைப் போட்டதுதான் தாமதம், வாசல் முழுக்க ஆயில். மார்கழி மாசம் வேறு, நான் குனிந்து குனிந்து போட்ட கோலம் கறுப்பாகிவிட்டது. என்ன சத்தம் என்று ஓடி வந்த உங்கப்பா வழுக்கிக் கோலத்தின் நடுவிலேயே உட்கார்ந்தார். மரத்தூள் வாங்கி வந்து கொட்டிக் கொட்டி அள்ளினோம். நான் திட்டத் திட்ட நீ நிமிர்ந்து என்னிடமே கேட்டாய், "குக்கர் மூடியில ரெண்டு கேஸ்கட் போட்டா விசில் வருங்களாம்மா?" வராது என்றேன். "அதேதானுங்க இதும்" என்றாய். திட்டுவதை நிறுத்திவிட்டேன். எனக்கே விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து நீ ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். பழையதைக் கழற்றியதும் அதைத் திருப்பி ரிங் இருக்கிறதா என்று பார்ப்பாய். பிறகு துணியால் இன்ஜின் பக்கம் துடைத்துவிட்டு, விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றித் தடவுவாய். புது ரிங்குக்குப் புது ஆயிலைத் தொட்டுப் பூசுவாய். கையாலேயே சுற்றி, ரிங் போய் உட்கார்ந்ததும் அதற்கு மேல் முக்கால் சுற்று. ஸ்பானரைத் தொடவே மாட்டாய். முன்னால் ஒரு சர்வீஸ் கடைக்காரன் ஸ்பானர் போட்டு இறுக்கி, அடுத்த தடவை கழற்ற முடியாமல் டப்பாவையே குத்திக் கிழித்ததைப் பார்த்த பிறகுதானே நீ இந்த வேலையையே கையில் எடுத்தாய். கடைசியில் இன்ஜினை ஓடவிட்டு, டார்ச்சோடு அடியில் படுத்து ஒரு சொட்டாவது விழுகிறதா என்று பார்ப்பாய். இதில் ஒன்றைக்கூட நீ விட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது நீ வால்பாறைக்குக் கிளம்பிய அந்த வெள்ளிக்கிழமை காலைக்கு வருகிறேன். கல்யாணக் கூட்டம் இன்னும் கலையவில்லை. மாப்பிள்ளை வீட்டுக் கார் வாசலில் நின்றது. நீயோ பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வேனுக்கு அடியில் படுத்திருந்தாய். "ஆயில் மாத்தற நேரம் வந்துபோச்சுங்க, நான் மாத்தாமப் போனா அம்மா தள்ளித் தள்ளிப் போட்டுருவாங்க" என்று எல்லாரிடமும் என் மானத்தை வாங்கினாய். உங்கப்பா பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து, "பத்தரைக்குள்ள கிளம்போணும் அம்மணி, ராகுகாலம் வந்துரும்" என்று கத்திவிட்டுப் போனார். மறுவீட்டுக்குப் போகிற பெண் வேனுக்கு அடியில் இருந்து காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று உன் சின்ன மாமியார் செல்போனில் படம் எடுத்ததும் எனக்குத் தெரியும்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். புதுசாக எது வீட்டுக்கு வந்தாலும், எது வீட்டைவிட்டுக் கிளம்பினாலும் நான் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டேன் என்று நீ எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாய். உன் புது போனுக்குப் பொட்டு வைத்து, அது கீழே இருக்கிற பொடி ஓட்டையை அடைத்து, நீ பேசுவது யாருக்கும் கேட்காமல் ஒரு வாரம் கத்தினாயே. அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. அன்றைக்கு இன்னும் மோசம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள், அழவும் முடியவில்லை. கைக்கு வேலை இருந்தால் கண்ணில் தண்ணீர் வராது என்று ஒரு கிண்ணம் நிறையச் சந்தனத்தைக் கெட்டியாகக் கரைத்து எடுத்துக்கொண்டேன். உன் பெட்டிக்கு, சீர் பாத்திரத்துக்கு, குத்துவிளக்குக்கு, மிக்சிக்கு, மாப்பிள்ளை காரின் நான்கு சக்கரத்துக்கும் வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன்.

படியில் தினத்தாள் விரித்து, அதன்மேல் புது ஃபில்டரை நிறுத்தி வைத்திருந்தாய். நீ பழைய ஆயில் வடியட்டும் என்று அடியில் படுத்திருந்தாய். இதுவும் புதுசுதானே, இதுவும் வண்டிக்குள்ளே போகப்போகிறதுதானே என்று குனிந்தேன். டப்பாவைச் சுற்றிலும் எழுத்து, வைக்க இடமில்லை. மேலே வட்டமாக, கறுப்பாக, நீ ஆயில் பூசிய பளபளப்போடு அந்த ரப்பர் ரிங் இருந்தது. மேலே இருப்பதுதான் முகம் என்று நினைத்துவிட்டேன் கண்ணு. ரிங்கின்மேல் தாராளமாகச் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்தேன். அடுத்த நிமிஷம் அடியில் இருந்து உன் கை வெளியே வந்தது. "அம்மா, அந்த ஃபில்டரை எடுத்துக் குடுங்க." நான்தான் எடுத்து உன் உள்ளங்கையில் கொடுத்தேன். நீயே ஆயில் பூசி வைத்த ஃபில்டர். அதைத் திரும்ப எதற்குப் பார்க்கப் போகிறாய்? படுத்த வாக்கில், பார்க்காமல் கையால் தடவியே மாட்டிவிட்டாய்.

இதை நான் நேற்று வரைக்கும் ஒருவரிடமும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, எனக்கே ஞாபகமில்லை. வைத்த பொட்டையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

நீ இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தாய், ஒரு சொட்டு இல்லை. குளித்துப் பட்டுடுத்திக் கிளம்பிவிட்டாய். அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் வேன் நன்றாகத்தான் ஓடியது. ஆர்.எஸ்.புரம், பூமார்க்கெட், உக்கடம் என்று தினமும் மாவுப் பாக்கெட்டுகளோடு போய் வந்தேன். பிறகுதான் உன்னைப் பார்க்க வால்பாறைக்கு வேனிலேயே வருகிறேன் என்று கிளம்பினேன். கச்சாயம், முறுக்கு என்று பலகாரம், அங்கே குளிரில் மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது என்று நீ புலம்பியதால் ஒரு தூக்கு நிறையப் புளித்த மாவு. பஸ்ஸில் போ என்று உங்கப்பா சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. மலையில் வேன் ஓட்ட வேண்டும் என்று எனக்கும் ஓர் ஆசை, அவ்வளவுதான்.

ஆழியாறு தாண்டி வளைவு ஏற ஆரம்பித்ததும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயில் கேன் படம் போட்ட விளக்கு. உன் குரல்தான் காதில் விழுந்தது. "அந்த விளக்கு எரிஞ்சா கொஞ்ச தூரம் போய்ப் பாக்கலாம்னு நெனைக்காதீங்கம்மா. அந்த எடத்துலயே ஓரங்கட்டி சாவிய அணைச்சுப்போடுங்க." அணைத்துவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார். நான் அசையவில்லை. இறங்கிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் ரோட்டில் கறுப்புக் கோடு. இன்னும் ஒரு வளைவு ஏறியிருந்தால் இன்ஜின் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். வேன் போனால் நம் பிழைப்பு போச்சு, தெரியுமல்லவா. உன் பேச்சைக் கேட்டதால்தான் இன்றைக்கு அது வாசலில் நிற்கிறது. இதை நீ கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

அந்த வளைவில் இருந்த ஒரு டீக்கடைக்காரர் போன் போட்டு ஆனைமலையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். நாச்சிமுத்து என்று பேர், நடுவயசு மனிதர், வந்ததும் வராததுமாக அடியில் குனிந்தார். "ஃபில்டர் வாயிலதானுங்கம்மா ஒழுகுது. பழைய ரிங்க எடுக்காம மேலயே மாட்டியிருப்பாங்க. இது நெறைய எடத்துல நடக்கறதுதானுங்க." வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு அவர் ஷெட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது என் முன்னாலேயே கழற்றச் சொல்லிவிட்டு, பலகாரத் தூக்கோடு நான் பஸ் ஏறினேன்.

உன் வீட்டுக்கு வந்ததும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மெக்கானிக் சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டேன். உன் முகம் வாடிப்போனதைப் பார்த்த பிறகுதான் எதைச் சொன்னோம் என்று உறைத்தது. நீ கையை விரித்து உன் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். "அன்னிக்குத் தடவிப் பாத்தேனான்னு ஞாபகமே இல்லீங்கம்மா. அப்பா கத்திட்டே இருந்தாங்க. எனக்கு உங்களையெல்லாம் விட்டுட்டுப் போறோம்ங்கறதே மனசுல ஓடிட்டு இருந்துச்சு. நான் தடவிப் பாத்திருக்க மாட்டேன்." மாப்பிள்ளை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நீ கேட்கவில்லை. "என்னைப் பெத்தவங்க ஓட்டற வண்டிக்கே ஒழுங்கா மாட்டத் தெரியல. நாளைக்கு ஆம்புலன்ஸ்ல ஒரு பிரசவக் கேஸ் போறப்போ நடுமலையில நின்னுபோச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" என்றாய். அங்கே இருந்த நாளெல்லாம் நீ சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு பழக்கம் உண்டு. எது நடந்தாலும் யார் கேட்பதற்கும் முன்னால் ஓடிப் போய் உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வாய். ஒரு கோடையில் ஒரு டிரம் மாவு பொங்கிப் புளித்து நாறிப்போனது. நீ அப்போது நான்காவதோ ஐந்தாவதோ. "நான்தான் ஃப்ரிட்ஜ் கதவைச் சரியா சாத்தல" என்று அழுது, சாப்பிடாமல் தூங்கிவிட்டாய். கடைசியில் பார்த்தால் உங்கப்பா ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கிரைண்டரைப் போட்டிருக்கிறார், திரும்ப மாட்ட மறந்துவிட்டார். அவரே வந்து, "தப்பு என்னுதுதான் அம்மணி" என்று சொன்னபோது நீ நம்பவில்லை. "எனக்காகச் சொல்றீங்கப்பா" என்றாய். நேற்று போனில் நீ சொன்னதும் அதே பேச்சுதான். பொறுப்பை ஏற்றுக்கொள்வது நல்ல குணம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கழற்றிப் பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது வண்டி வேலை தெரிந்தவர்கள் செய்கிற காரியம் இல்லை. மற்றவர்கள் வண்டிக்கு அப்படிச் செய்வாயா நீ? உன் விஷயத்தில் மட்டும் ஏன் செய்கிறாய்?

நேற்று மலையிறங்கி ஆனைமலையில் நாச்சிமுத்துவின் ஷெட்டுக்குப் போனேன். உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேதான் நின்றேன். இரண்டு ரிங் இருந்துவிட்டால் உனக்கு என்ன சொல்வது, பொய் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அவர் அடியில் படுத்து ஃபில்டரைச் சுற்றிக் கழற்றினார். இன்ஜின் பக்கம் டார்ச் அடித்து, விரலை வைத்துத் தடவினார். "இங்க ஒண்ணுமில்லீங்கம்மா. சுத்தமாத் தொடச்சிருக்குது. பழைய ரிங்கு இல்லீங்க" என்றார். அங்கிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்தவர் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். வெளியே வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இந்த ஃபில்டருக்கு யாருங்க பூசை போட்டது?"

ரிங்கில் ஒரு பக்கம் மஞ்சளாக, நடுவில் செக்கச் செவேல் என்று அழுந்திக் காய்ந்து கிடந்தது. பாதி உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில்தான் ஆயில் வழி பிடித்திருக்கிறது. "ஈரமா இருக்கறப்போ அமுங்கி அடைச்சிருக்குதுங்க. அப்புறம் சூட்டுல காஞ்சு, பொடியா உதுந்துபோட்டுது. மாட்டுனவங்க ரிங்குக்கு ஆயில் பூசியிருக்கறாங்க, எறுக்கமும் சரியாத்தான் இருக்குது. அவங்க வேலையில குத்தஞ் சொல்ல ஒண்ணுமில்லீங்க" என்று அவர் விளக்கினார். கிண்ணத்தோடு குனிந்ததும், உன் கை வெளியே வந்ததும் அப்போதுதான் அப்படியே கண்முன்னால் வந்தது. "நான்தானுங்க" என்றேன். அவர் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். நான்தான் முதலில் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையும் வந்தது. அந்த ஷெட்டில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்குக் கவலையில்லை. என் பெண்ணின் கை சரியாக இருந்திருக்கிறது. மனசு எங்கேயோ இருந்தாலும் விரல் அதன் வேலையைச் செய்திருக்கிறது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.

புது ஃபில்டரை நானே மாட்டுகிறேன் என்று கேட்டேன். அவர் யோசித்தார், பிறகு ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தார். இந்த வயசில் அடியில் படுத்து எழுந்தது தனிக் கதை, இடுப்பு இன்றைக்கும் வலிக்கிறது. நீ செய்கிற மாதிரியே துணியால் துடைத்தேன், விரலால் ஒரு சுற்றுத் தடவினேன், ரிங்குக்கு ஆயில் பூசினேன், கையாலேயே சுற்றினேன், ரிங் உட்கார்ந்த பிறகு முக்கால் சுற்று. ஆயில் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம். சிவப்பு விளக்கு அணைந்தது, அடியில் தரை காய்ந்து கிடந்தது. கிணத்துக்கடவில் ஒரு தடவை, உக்கடத்தில் ஒரு தடவை நிறுத்திக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் சொன்னேன். நீ கிளம்பிப் போனதிலிருந்து அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. நேற்று கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏம் புள்ள, எனக்கும் ஒருக்கா நெத்தியில வெச்சு உடு, நானும் சூட்டுல உதுந்துபோறனா பாக்கலாம்" என்று இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இனி உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வண்டி வேலையில் உனக்குச் சொல்லித்தர எனக்கு யோக்கியதை இல்லை, அது நேற்றோடு ஊர்ஜிதமாகிவிட்டது. ஆனால் வேலை பார்க்கிற இடத்தைப் பற்றிச் சொல்வேன். நீ வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது யார் வந்து அவசரப்படுத்தினாலும் "இருங்க" என்று சொல்லப் பழகு. மேனேஜராக இருக்கட்டும், நல்ல நேரம் பார்க்கிற அப்பாவாக இருக்கட்டும். ராகுகாலத்தில் கிளம்பியவர்கள் எல்லாரும் ஊர் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அப்புறம், மாட்டப் போகிற சாமானை யார் கையிலிருந்து வாங்கினாலும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு மாட்டு. கொடுப்பது பெற்றவளாகவே இருந்தாலும் பார். ஆசையாகக் கொடுக்கிறவர்கள் கையில்தான் இப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். உன்மேல் உள்ள ஆசையால்தான் வைத்தேன், ஆனாலும் அது வைக்கிற இடம் இல்லை. அதை என்னிடம் கோபமாகவே சொல்லு, வாங்கிக்கொள்கிறேன். நீ அழுவதைவிட என்னைத் திட்டுவது எனக்குச் சௌகரியம்.

இவ்வளவு எழுதியும் "எனக்காகச் சொல்றீங்கம்மா" என்றுதான் சொல்வாய். அதனால் நாச்சிமுத்துவிடம் கேட்டு அந்தப் பழைய ஃபில்டரை வாங்கி வந்துவிட்டேன். துடைக்கவில்லை, கழுவவில்லை. பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி இந்தக் கடிதத்தோடு வால்பாறை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லி மாப்பிள்ளைக்குப் போன் போட்டுவிடுகிறேன். ரிங்கைப் பார். மஞ்சளும் சிவப்பும் அப்படியே இருக்கும். மற்ற இடமெல்லாம் எவ்வளவு வழவழப்பாக, சமமாக அழுந்தியிருக்கிறது என்றும் பார். அது உன் கை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உன்னிடம் போனிலேயே சொல்லியிருப்பேன், நீ இருந்த நிலையில் சொல்லப் பயமாக இருந்தது. நேற்றுக் காலை வால்பாறையில் நான் பஸ்ஸுக்காக நின்றபோது எஸ்டேட் ஆம்புலன்ஸ் டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். "உங்க பொண்ணு எப்பங்கம்மா ஷெட்டுல சேர்றாங்க?" என்று கேட்டார். பார்க்கலாம் என்று மழுப்பினேன். "சீக்கிரம் வரச் சொல்லுங்க. இந்த வண்டியில ஆயில் செவப்பு லைட்டு அப்பப்போ மினுக்குதுங்க. யாருகிட்டச் சொன்னாலும் பாக்கலாம் பாக்கலாம்ங்கறாங்க. தொழிலாளிங்க லயத்து வீட்டுல இருந்து நோயாளிகள ஏத்தீட்டு நானும் மனசத் திடப்படுத்தீட்டு மலை எறங்கறேன்" என்றார். அப்போது எனக்கு அதன் அர்த்தம் முழுசாகப் புரியவில்லை. நேற்று அந்த ஷெட்டில் டயர்மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. ஆம்புலன்ஸ் நடுமலையில் நின்றுபோனால் யார் பதில் சொல்வது என்று நீ கேட்டாய். நீ தொடாமல் விட்டாலும் அது நிற்கத்தான் போகிறது கண்ணு.

அந்த வண்டிக்கு அடியில் யாரும் படுத்துப் பார்த்து ரொம்ப நாளாகிறதாம். மேனேஜரிடம் பதில் சொல்வதைத் திங்கட்கிழமை வைத்துக்கொள். இதைப் படித்து முடித்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு நீ முதலில் அங்கே போ.

உன் அம்மா